இரும்புக்கு வண்ணம், பித்தளைக்குப் புளி

கொச்சியின் மழையும் உப்பு கலந்த கடற்காற்றும் இரும்பை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து சில நாள்களிலேயே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். புதிதாக வாங்கிய பூட்டுகூட இங்கே விரைவில் துருப்பிடிக்கிறது. ஆகவே இவ்வூரில் பழைய விளக்கொன்றைப் புதுப்பிப்பது அழகு சேர்க்கும் வேலை மட்டும் அன்று. அப்பொருளின் ஆயுளை நீட்டிக்கும் வேலையும் ஆகும்.

நாங்கள் வசிப்பது வைட்டிலாவில். 2011இல் பேருந்து முனையம், 2019இல் மெட்ரோ இரயில், 2021இல் மேம்பாலம், 2023இல் நீர் மெட்ரோ என ஒன்றன்பின் ஒன்றாக வந்து இப்பகுதியின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. எங்கள் தாத்தா வாழ்ந்ததோ மட்டாஞ்சேரியில். மிளகும் சுக்கும் மணக்கும் கடைவீதிக்குப் பின்புறம் ஒரு வாடகை வீட்டில் அவர் நெடுங்காலம் குடியிருந்தார். அவ்வீட்டைக் காலி செய்தபோது பழைய பொருள்கள் பலவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிட்டோம். மூன்று விளக்குகளும் இரும்பினாலான பூந்தொட்டித் தாங்கி ஒன்றும் மட்டும் எங்களுடன் வைட்டிலாவுக்கு வந்தன.

முதலாவது, வாசல் விளக்கு. சுவரிலிருந்து வளைந்து நீளும் இரும்புக் கை. அதன் நுனியில் குடை போன்ற தகர மூடி. இரண்டாவது, கூடத்தில் சங்கிலியில் தொங்கிய மின்விளக்கு. மங்கிய மஞ்சள் நிறம் உடையது. மூன்றாவது, பாட்டி நாள்தோறும் மாலையில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய பித்தளைத் தூக்குவிளக்கு. மூன்றும் கறுத்துப் போயிருந்தன. வாசல் விளக்கின் பச்சை வண்ணம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

இவற்றை என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று கருத்துகள் நிலவின. "எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புது விளக்குகள் வாங்குங்கள்" என்றார் அத்தை. "ஒரு டப்பா கறுப்பு, ஒரு டப்பா தங்கநிறம் வாங்கினால் போதும், மூன்றும் புதியவை ஆகிவிடும்" என்றார் அம்மா. எது எந்த உலோகம் என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்பது என் கருத்து. ஆயினும் வாசல் விளக்கை உடனே கவனிக்க வேண்டியிருந்தது. அக்காவின் இரண்டு வயது மகள் வாசலில்தான் விளையாடுவாள். உதிர்ந்த பச்சைச் செதில்களை அவள் பொறுக்கியெடுத்து வாயருகே கொண்டு போவதை அனைவரும் கண்டிருந்தோம்.

உலோகத்தை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சிறு காந்தம் ஒன்று போதும். இரும்பில் காந்தம் ஒட்டும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் ஒட்டாது. வாசல் விளக்கிலும் பூந்தொட்டித் தாங்கியிலும் காந்தம் ஒட்டியதில் வியப்பில்லை. பித்தளை என்றே நாங்கள் எண்ணியிருந்த கூடத்து விளக்கிலும் அது ஒட்டிக்கொண்டது. இரும்பின்மேல் மெல்லிய பித்தளைப் பூச்சு பூசப்பட்ட விளக்கு அது. அப்பூச்சு தேய்ந்த இடங்களில் உள்ளே துரு புகுந்திருந்தது. தூக்குவிளக்கில் மட்டும் காந்தம் ஒட்டாமல் நழுவி விழுந்தது. அது முழுப் பித்தளை.

இரும்பின் துருவுக்கும் பித்தளையின் கறுப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரும்பு நீருடனும் உயிர்வளியுடனும் சேரும்போது துரு உண்டாகிறது. காற்றில் உள்ள உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. துரு உறுதியாக ஒட்டி நிற்பதில்லை, பொருபொருத்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் துருப்பிடிக்கிறது. இவ்வாறு இரும்பு உள்ளே உள்ளே அரிக்கப்படுகிறது. பித்தளையின் மேல் படியும் கறுப்போ மெல்லிய படலமாக ஒட்டி நின்று, அடியிலுள்ள உலோகத்தை ஓரளவு காக்கிறது. ஆகவே வண்ணம் இரும்புக்கு இன்றியமையாத காப்பு. பித்தளைக்கு அது தேவையில்லாத போர்வை.

இவ்வுண்மையை மட்டாஞ்சேரியிலேயே காணலாம். 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில் பெல்ஜியம் நாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. தரையில் சீன நாட்டிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அங்கே பழமையின்மேல் யாரும் புதுவண்ணம் பூசுவதில்லை. துடைத்தும் தூசி தட்டியும் பேணுகின்றனர். அருகிலுள்ள அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களுக்கும் அவ்வாறே. ஆனால் அதே தெருக்களில் உள்ள சன்னல் கம்பிகளையும் இரும்புக் கதவுகளையும் பாருங்கள். வண்ணம் பூசாமல் விட்டவை துருவேறி மெலிந்து நிற்கும். தேவையானதற்கு வண்ணம் பூசுவதும் தேவையற்றதற்குப் பூசாமல் விடுவதும் ஆகிய இரண்டுமே பாதுகாப்புதான்.

பூசும் முன்பு பழைய வண்ணத்தை நீக்க வேண்டும். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. முற்கால வண்ணங்கள் பலவற்றில் பளபளப்பும் உறுதியும் கருதி ஈயச் சேர்மங்களைக் கலந்தனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் நரம்புகளையும் பாதிக்கும். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க குறைந்த அளவு எதுவும் அதற்கு இல்லை. இந்திய அரசு வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என 2016இல் விதி வகுத்தது. அவ்விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வாசல் விளக்கின் பச்சை வண்ணம் அதற்குப் பல்லாண்டுகள் முந்தியது. எனவே அதில் ஈயம் இருக்கிறது என்றே கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி பறந்து மூச்சில் கலக்கும். ஆகவே நீரில் நனைத்துத் தேய்க்கும் வகை உப்புத்தாளை வாங்கினேன். குழந்தையை அக்கா வேறு வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தார். மொட்டைமாடியில் தடித்த நெகிழித்தாளை விரித்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஈரம் காயாமல் தேய்த்தேன். கழிவையும் தாளையும் துணியையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டி, தீங்குதரும் வீட்டுக் கழிவு எனத் தனியே எழுதி ஒப்படைத்தோம். வாசல் தரையையும் ஈரத் துணியால் பலமுறை துடைத்தோம். வேலையின் பெரும்பகுதி இதுவே. வண்ணம் தெளிக்க எடுத்த நேரத்தைப் போல் பல மடங்கு நேரம் இதற்கு ஆயிற்று.

டப்பாவில் அடைத்த தெளிப்பு வண்ணத்தை, அதாவது ஸ்பிரே பெயிண்டை, 1949இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்டு சீமோர். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் உலோகக் கருவிகளுக்கென அவர் அலுமினிய நிற வண்ணம் ஒன்றைத் தயாரித்திருந்தார். அதை எளிதாகத் தெளித்துக் காட்ட ஒரு வழி தேடியபோது, அவருடைய மனைவி கூறிய யோசனையே இதற்கு வித்திட்டது. தூரிகை நுழையாத மடிப்புகளுக்கும் வளைவுகளுக்கும் இது மிகவும் ஏற்றது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தூரிகையால் பூச முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டப்பாவினுள் வண்ணமும் அதைக் கரைக்கும் நீர்மமும் உந்துவளியும் உள்ளன. உந்துவளி அழுத்தத்தினால் நீர்ம நிலையில் இருக்கும். மேலுள்ள பொத்தானை அழுத்தியதும் அது வெளியேறி நொடியில் ஆவியாகி, வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறச் செய்கிறது. ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் டப்பா குளிர்ந்து போகிறது. குலுக்கும்போது உள்ளே 'கடகட' என்று ஒலிப்பது, அடியில் தங்கிய வண்ணத்தைக் கலக்குவதற்கென இட்ட சிறு குண்டு. முற்காலத்தில் உந்துவளியாகப் பயன்பட்ட குளோரோபுளூரோ கார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பவை எனக் கண்டறியப்பட்டன. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. இப்போது பெரும்பாலும் எரிவளிகளே அவ்விடத்தில் உள்ளன. ஆகவே தெளிக்கும் இடத்தில் நெருப்பு இருத்தல் ஆகாது; டப்பாவை வெயிலில் வைப்பதும் துளையிடுவதும் ஆகா. மாணவர்கள் பெரியவர் துணையின்றி இவ்வேலையில் இறங்கக் கூடாது.

ஈரக்காற்று தெளிப்பு வண்ணத்தின் பகை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பூச்சு வெளுத்து மங்கிப்போகும். எனவே ஜனவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றைத் தேர்ந்தோம். ஹோல்டரையும் திருகுகளையும் ஒட்டுநாடாவால் மறைத்தபின், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடை முதலில் பூசினேன். அது துருவின் நிறத்திலேயே இருப்பதைக் கண்டு அம்மா சிரித்தார். அது காய்ந்த பிறகு, ஏறத்தாழ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவிலிருந்து, கையை நிறுத்தாமல் பக்கவாட்டில் நகர்த்தியவாறே கறுப்பு வண்ணத்தைத் தெளித்தேன். கை ஓரிடத்தில் நின்றால் வண்ணம் வழிந்துவிடும். தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சுகள் மூன்று சிறந்தவை. தகரக் குடையின் உட்புற வெள்ளைப் பூச்சு சிதையாமல் இருந்ததால், அதை மட்டும் தொடவில்லை. வெள்ளை நிறம் ஒளியை நன்கு திருப்பி அனுப்பும் அல்லவா?

விளக்குகளைப் பொருத்த வந்த மின்பணியாளர் பழைய கம்பிகளை முழுவதும் அகற்றிப் புதியவற்றைக் கோத்தார். பின் ஒரு திருகைச் சுட்டிக்காட்டி, "இங்கே வண்ணம் படாமல் மறைத்தது நல்லதாயிற்று. எர்த் கம்பி உலோகத்தைத் தொட வேண்டும்; நடுவில் வண்ணம் இருந்தால் அது கட்டியும் பயன் இல்லை" என்றார். வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. உலோக விளக்கில் மின்கசிவு நேர்ந்தால் உயிரைக் காப்பது அந்தச் சிறு திருகின் வழியே செல்லும் இணைப்புதான். முன்பு 60 வாட் குண்டு பல்பு எரிந்த இடத்தில் இப்போது 9 வாட் எல்.இ.டி. எரிகிறது. ஒளி ஏறத்தாழ அதே அளவு. வெப்பமோ மிகக் குறைவு. ஆதலால் புதிய வண்ணமும் சூட்டினால் கருகாது.

எஞ்சியது தூக்குவிளக்கு. தங்கநிற டப்பாவை அம்மா வாங்கியே வைத்திருந்தார். எண்ணெய் விளக்கில் சுடர் எரியும் இடத்தில் வண்ணம் கருகிப் புகையும் என்றேன். பித்தளையின் இயற்கை நிறத்தைத் தங்கநிறப் பூச்சு மறைத்துவிடும் என்றும் சொன்னேன். அம்மா பொறுமையுடன் கேட்டார். பிறகு தம் வலது கையை நீட்டினார். மூட்டுவலியால் விரல்கள் சற்று வளைந்திருந்தன. "பாட்டி காலத்திலிருந்து வெள்ளிதோறும் இதைத் தேய்த்தவள் நான். பூசாதே என்று சொல்வது எளிது, தேய்ப்பது யார்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. பித்தளையின் பொலிவு என்று நாம் புகழ்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. அவ்வுழைப்பிலிருந்து ஓய்வு வேண்டும் என்பதே அம்மாவின் விருப்பம். தங்கநிறம் அதற்கு அவர் கண்ட வழி. பழமையைக் காக்க விரும்புபவர் அதன் பராமரிப்பையும் ஏற்க வேண்டும். இல்லையேல் அவ்விருப்பம் பிறர் தோளில் ஏற்றும் சுமையாகிவிடும். ஆகவே விளக்கைத் தேய்க்கும் வேலை இனி என்னுடையது என்றும், வாரந்தோறும் இன்றி மாதம் ஒருமுறை தேய்த்தால் போதும் என்றும் முடிவு செய்தோம். அம்மா உடன்பட்டார். "ஒரு மாதம் தவறினாலும் டப்பாவைத் திறப்பேன்" என்று எச்சரிக்கவும் தவறவில்லை.

புளியை நீரில் ஊறவைத்துச் சிறிது உப்புடன் சேர்த்துத் தேய்த்தால் பித்தளையின் கறுப்பு நீங்கும். புளியிலுள்ள அமிலம் மேற்படலத்தைக் கரைக்கிறது. பிறகு நன்கு கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் புவிசார் குறியீடு பெற்றவை. அத்தகைய சிறப்புமிக்க விளக்குகளுக்கும் வீட்டில் செய்யும் பராமரிப்பு இவ்வளவே.

இப்போது எங்கள் வாசலில் கறுப்பு விளக்கு எரிகிறது. அதன் கீழே அக்கா மகள் அச்சமின்றி விளையாடுகிறாள். எஞ்சிய கறுப்பு வண்ணம் பூந்தொட்டித் தாங்கிக்குப் பயன்பட்டது. பழைய இரும்புக் கடைக்குப் போகச் சொன்ன அத்தையும் கூடத்து விளக்கைப் போன்ற ஒன்று தமக்கும் வேண்டும் என்கிறார். தங்கநிற டப்பா இன்னும் திறக்கப்படாமல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் இம்மாதம் விளக்கைத் தேய்த்துவிட்டேனா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.