ஆறு வாத்து, அறுபது நாள்

அதிகாலை 4 மணி. லிட்டில் ராக் நகரில் என் அக்கா மகன் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் கூண்டுக்குள் கறுப்பு லாப்ரடார் நாய். முன்னால் 75 வயதுப் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் தூக்கம் கலையாத முகத்தோடு 13 வயதுப் பேத்தி. பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"மாமா, நீங்க முட்டைகூட சாப்பிட மாட்டீங்க. வாத்து வேட்டைக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டபடி கம்பளிக் குல்லாயை என் கையில் திணித்தான் மருமகன். எனக்கே பதில் தெரியவில்லை. கூப்பிட்டார்கள், கிளம்பிவிட்டேன்.

அது 2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஆர்கன்சா மாநிலத்தில் வாத்து வேட்டைக் காலம் ஜனவரி 31ஆம் தேதியே முடிந்துவிட்டது. கடை அடைத்த பிறகு சிறுவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடும் நாள் இது. இன்று துப்பாக்கி பேத்திக்கு. தாத்தா கூட இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும். ஆனால் வாத்தைச் சுடக் கூடாது. சட்டம்.

ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்டட்கார்ட் வருகிறது. பெயரைப் பார்த்து ஜெர்மனியை நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் சூட்டிய பெயர் அது. ஊர் தன்னை உலகத்தின் அரிசித் தலைநகர், வாத்துத் தலைநகர் என்று இரட்டைப் பட்டத்தோடு அழைத்துக்கொள்கிறது. முதல் பட்டத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் விளையும் அரிசியில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாவில்தான் விளைகிறது. விவசாயிகளின் மிகப் பெரிய கூட்டுறவு அரிசி நிறுவனத்துக்குத் தலைமையகம் இந்தச் சின்ன ஊர். வண்டியின் வெளிச்சத்தில் வரப்பு தெரிந்தது, அறுத்த தாள் தெரிந்தது, தேங்கிய தண்ணீர் தெரிந்தது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்து பார்த்தால் நெல் வயல்!

இரண்டாவது பட்டத்துக்கு அரிசிதான் காரணம். கனடாவிலும் டகோடா மாநிலங்களிலும் குஞ்சு பொரிக்கும் வாத்துகள் பனிக்காலத்தில் மிசிசிப்பி ஆற்றுப் போக்கைப் பிடித்துத் தெற்கே இறங்குகின்றன. வழியில் அறுவடையில் சிந்திய நெல்லும், வெள்ளம் நின்ற காட்டில் உதிர்ந்த ஓக் கொட்டையும் கிடைக்கிற இடம் இது. அதனால் பச்சைத் தலை மல்லார்ட் வாத்துகள் இங்கே கூட்டம் கூட்டமாகத் தங்குகின்றன. வாத்துபோல ஒலி எழுப்பும் உலகப் போட்டி 1936 முதல் இவ்வூர் மெயின் வீதியில் நடக்கிறது. முதல் ஆண்டுப் பரிசு, ஒரு வேட்டைக் கோட்டு.

வயல் வரப்பில் இரும்புப் பெட்டியைப் புதைத்ததுபோல ஒரு குழி. அதற்குள் இறங்கி, வைக்கோல் மூடிய கூரைக்குக் கீழே நால்வரும் உட்கார்ந்தோம், நாயைச் சேர்த்து. "பதுங்குகுழி மாதிரி இருக்கிறது" என்றேன். பெரியவர் சிரித்தார். "நான் அதிலும் இருந்திருக்கிறேன்." அவர் வியட்நாமில் இருந்தவர் என்று மருமகன் சொல்லியிருந்தான்.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்புதான் முதல் தோட்டா வெடிக்கலாம். காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தாள். பரீட்சைக்குப் படித்ததுபோல் ஒப்பித்தாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்து. அதில் மல்லார்ட் நான்கைத் தாண்டக் கூடாது. அந்த நான்கில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது. தானியம் தூவி வாத்தை வரவழைக்கக் கூடாது. அறுவடையில் தானாகச் சிந்தியது பரவாயில்லை. ஈயக் குண்டு கூடாது. சேற்றில் கிடக்கும் ஈயத்தைத் தின்று வாத்துகள் செத்ததால், 1991 முதல் நாடு முழுக்க எஃகு போன்ற நச்சில்லாத குண்டுதான்.

இந்தக் கூடாதுகள் எல்லாம் சும்மா வந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வாத்து வேட்டை ஒரு வியாபாரம். பீப்பாய் பீப்பாயாகச் சுட்டு நகரத்துச் சந்தைக்கு ரயிலில் அனுப்பினார்கள். பறவைகள் குறைந்த பிறகு பயம் வந்தது. 1916இல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம், 1918இல் அதை நடைமுறைப்படுத்தும் வலசைப் பறவைச் சட்டம். அதன்படி மார்ச் 10க்குப் பிறகு செப்டம்பர் 1 வரை, பறவை வடக்கே போய்க் குடும்பம் நடத்தும் காலத்தில், வேட்டை கிடையாது. மீதி மாதங்களிலும் ஓர் இடத்தில் 107 நாளுக்கு மேல் காலம் திறக்க முடியாது. சிறுவர் நாளையும் அந்தக் கணக்கில்தான் கழிக்க வேண்டும்.

அந்த வரம்புக்குள் எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது பறவைகளின் எண்ணிக்கை. 1955 முதல் ஒவ்வொரு மே மாதமும் சிறு விமானங்கள் அலாஸ்கா, கனடா, டகோடா குட்டைகளுக்கு மேல் தாழப் பறந்து வாத்துகளை எண்ணுகின்றன. இடையில் தவறியது 2020, 2021 ஆகிய இரண்டு கொரோனா ஆண்டுகள். 2024 கணக்கு சுமார் 3 கோடியே 40 லட்சம். இதையும் குட்டைகளின் ஈரத்தையும் வைத்து 1995 முதல் ஒரு சூத்திரம் போட்டிருக்கிறார்கள். மிசிசிப்பி வழித்தடத்தில் எண்ணிக்கை நன்றாக இருந்தால் 60 நாள், ஆறு வாத்து. சுமாராக இருந்தால் 45 நாள். மோசமாக இருந்தால் 30 நாள், மூன்றே வாத்து. ரேஷன் கடை மாதிரிதான். என்ன, அளவு மேலிருந்து வருகிறது. எந்த நாளில் கொடுப்பது என்பது மாநிலத்தின் பொறுப்பு.

சண்டை அங்கேதான். முந்தின நாள் ஸ்டட்கார்ட்டில் ஓர் உணவு விடுதியில் காபி குடித்தபோது காதில் விழுந்ததெல்லாம் தேதிகள். நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் விடுமுறையை ஒட்டித் திறக்க வேண்டும் என்று ஒருவர். அப்போது வடக்கே பனி உறையாது, வாத்து வந்திருக்காது, ஜனவரிக்கு நாட்களைச் சேர்த்து வை என்று இன்னொருவர். கிறிஸ்துமஸில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அதை விட முடியாது என்று மூன்றாமவர். ஆளுநர் நியமிக்கும் ஏழு பேர் கொண்ட ஆணையம் இவர்கள் எல்லாரையும் கேட்டு, 60 நாளை மூன்று துண்டாக்கி, நடுவே வாத்துக்கு ஓய்வு விட்டு, தேதி குறிக்கிறது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. எல்லாரும் கட்டுப்படுகிறார்கள்.

சிறுவர் நாள் 1996இல் வந்தது. காரணம் பாசம் மட்டுமல்ல, கவலையும்தான். 1970களில் சுமார் 20 லட்சம் பேர் வாத்து வேட்டைக்குப் போனார்கள். இப்போது அதில் பாதிதான். வேட்டைக்காரன் குறைந்தால் வாத்துக்கு நல்லதுதானே என்று நாம் நினைப்போம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1934 முதல், 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் வாத்து முத்திரை ஒன்று வாங்க வேண்டும். அன்று 1 டாலர், 2015 முதல் 25 டாலர். அந்தப் பணத்தில் 98 சதவீதம் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, சுமார் 60 லட்சம் ஏக்கர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. நாளைக்கு முத்திரை வாங்க ஆள் வேண்டுமே! அதற்குத்தான் இந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை.

முன்னாள் படைவீரர்களுக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் தனி நாள் பிந்தி வந்தது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் இடம் கொடுத்தது. சிறுவர் நாளோடு சேர்த்தும் வைக்கலாம், தனியாகவும் வைக்கலாம். குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். "சிறுவர் நாளில் சுடுவது பாதி இடத்தில் அப்பாக்கள்தான்" என்றார் விடுதியில் ஒருவர். "வீரர்களுக்கு மரியாதை செய்ய நல்ல ஆஸ்பத்திரி போதும், களைத்துப்போன வாத்தை இன்னும் இரண்டு நாள் விரட்ட வேண்டுமா?" என்றார் வேறொருவர். அவரும் ராணுவத்தில் இருந்தவர்தான்.

கீழ்வானம் வெளுத்தது. பெரியவர் கழுத்தில் தொங்கிய ஊதுகுழலை எடுத்து ஊதினார். தண்ணீரில் மிதந்த பொம்மை வாத்துகளுக்கு மேல் சிறகுச் சத்தம், பட்டுப் புடவையை உதறினாற்போல. ஏழெட்டு வாத்துகள் வட்டமடித்து இறங்கின. பேத்தி துப்பாக்கியைத் தூக்கினாள். பிறகு இறக்கிவிட்டாள். "எது பெட்டைன்னு தெரியலை, தாத்தா. இன்னும் இருட்டா இருக்கு." பெரியவர் தலையசைத்தார். அவ்வளவுதான். வாத்துகள் எழுந்து போயின. நாய்க்குத்தான் ஏமாற்றம்.

அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்தபோது அவரிடம் கேட்டேன், உங்கள் நாளில் நீங்கள் வருவீர்களா என்று. வருவாராம். "அன்றைக்கு இவள் வெறுமனே உட்கார்ந்திருப்பாள், இன்றைக்கு நான் இருக்கிற மாதிரி." கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னார். "எனக்கு அப்போது 20 வயது. எப்போது சுட ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே ஆறு என்றால் ஆறு. மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது."

எனக்குப் பரத்பூர் ஞாபகம் வந்தது. டெல்லியிலிருந்து ரயிலேறி எத்தனையோ முறை போன இடம். கேவலாதேவ் கோயில் அருகே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள், எந்தப் பிரபு எந்தத் தேதியில் எத்தனை பறவை சுட்டார் என்று. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பரிவாரத்தின் கணக்கு, ஒரே நாளில் 4,273. அங்கே யாரும் ஆறோடு நிறுத்தவில்லை. சுடும் உரிமை மகாராஜாவுக்கும் அவருடைய விருந்தாளிகளுக்கும், ஊர்க்காரனுக்கு வேடிக்கை. நாம் 1972இல் சட்டம் கொண்டுவந்து, 1991இல் அதைத் திருத்தி வேட்டையை அடியோடு நிறுத்தினோம். எனக்கு அதில் சந்தோஷமே. ஆனால் துப்பாக்கி நின்ற பிறகு தண்ணீரும் நின்றது. 2004 வாக்கில் பாஞ்சனா அணைத் தண்ணீர் யாருக்கு என்ற தகராறில் பரத்பூர் ஏரிகள் வறண்டு கிடந்ததை நேரில் பார்த்தேன். விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வாத்துக்காகப் பேச அன்று அங்கே ஆள் கம்மி. 1987 முதல் ஜனவரி தோறும் நீர்ப்பறவைகளை எண்ணும் தன்னார்வலர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நோட்டுப் புத்தகம்தான் இருக்கிறது, ஏரி வாங்கப் பணம் இல்லை.

அமெரிக்கர்களுக்கும் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் பையோ மீட்டோ என்ற அரசு வேட்டைக்காடு. வாத்து வருவதற்காகப் பல பத்தாண்டுகள் சீக்கிரமே தண்ணீர் தேக்கியதில் ஓக் மரங்கள் வேர் அழுகிச் செத்துக்கொண்டிருக்கின்றன. மரம் போனால் கொட்டை போகும், கொட்டை போனால் வாத்து போகும். ஆணையம் இப்போது தண்ணீரைத் தாமதமாகத்தான் ஏற்றுகிறது. தொடக்க நாளில் காடு காய்ந்து கிடக்கிறதே என்று வேட்டைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அதற்கும் ஒரு கூடாது தேவைப்பட்டது.

எட்டு மணி சுமாருக்கு அந்தப் பெண் ஒரே ஒரு வாத்தைச் சுட்டாள். ஆண். பச்சைத் தலை வெயிலில் மின்னியது. நாய் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்தது. அவள் அதை வாங்கி மடியில் வைத்து, இறகை நேராக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்சம் வலித்தது. அந்த வலி அவளுக்கும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். தாத்தா அதைப் போக்க முயலவில்லை.

வண்டிக்குத் திரும்பும்போது கேட்டேன். "ஆறு வரைக்கும் சுடலாமே, அம்மா. மிச்சம் ஐந்து?"

அவள் வானத்தைக் காட்டினாள். தூரத்தில் ஒரு கூட்டம் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "மே மாதம் விமானத்தில் போய் எண்ணுவாங்க. அந்தக் கணக்கில் வந்துடும்."