பதினொன்றரையா, இரண்டரையா?

எங்கள் அப்பாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ரயில் என்றால், சாயங்காலம் ஐந்து மணிக்கே எக்மோர் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். எங்கள் ரயிலுக்கு முன்னால் கிளம்புகிற அத்தனை ரயிலையும், சொந்தக்காரர்களை வழியனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக அனுப்பி வைத்துவிட்டுத்தான் எங்களுடையதில் ஏறுவார். கல்யாணத்துக்குப் போனாலும் நாங்கள்தான் முதல் ஆள். வாசலில் வாழைமரம் கட்டுகிறவர், "அண்ணே, சும்மாதானே நிக்கறீங்க... இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்க!" என்று எங்கள் அப்பாவைக் கூப்பிட்டதெல்லாம் உண்டு. பிடித்துமிருக்கிறார்.

நான் நேர் எதிர். ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நகர ஆரம்பித்த பிறகு தொற்றிக்கொண்டால்தான் எனக்கு ஊருக்குப் போகிற மாதிரியே இருக்கும். ஆபீஸில் ஒன்பதரைக்கு மெஷினில் விரல் வைக்க வேண்டும். ஒன்பது இருபத்தொன்பது வரை எதிர் டீக்கடையில் கிளாஸோடு நிற்பேன். 'சீக்கிரம் போய் என்ன சாதிக்கப் போறோம்?' என்பது என் கட்சி.

இப்படி இரண்டு பேரை ஒரே கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும்?

போன வருஷம் போனஸும் சீட்டுப் பணமும் ஒரே மாதத்தில் கைக்கு வந்தன. அப்பாவையும் அம்மாவையும் எங்கேயாவது கூட்டிப் போகலாம் என்று தேடியதில், சிங்கப்பூரில் கிளம்பி, மலேசியாவின் பினாங்கைத் தொட்டுவிட்டு, மூன்று ராத்திரியில் திரும்புகிற சொகுசுக் கப்பல் ஒன்று மாட்டியது. மூன்று டிக்கெட் போட்டுவிட்டு வீட்டில் சொன்னேன்.

"கப்பல்ல போனா வாந்தி வருமாமே?" என்றார் அம்மா.

"எத்தனை மணிக்குக் கப்பல்?" என்றார் அப்பா.

அங்கேதான் வில்லங்கம். கப்பல் கிளம்புவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஆனால் பகல் பதினொன்றரையிலிருந்தே ஏற ஆரம்பிக்கலாம். அரை மணிக்கு ஒரு வேளை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வேளைக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே செல்போனில் நாமே குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றரைக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள்.

பதினொன்றரையா, இரண்டரையா?

விஷயத்தை ஆபீஸில் லேசாக அவிழ்த்தேன். லஞ்ச் டைமில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது.

முதல் கட்சிக்குத் தலைவர் எங்கள் கேஷியர். "பணம் கட்டியாச்சில்லே? ஏறின நிமிஷத்துலேர்ந்து சாப்பாடு அவன் பொறுப்பு. பன்னண்டு மணிக்கு ஏறினா மத்தியானச் சாப்பாடு, நாலு மணிக்கு டிபன், ராத்திரி விருந்து. ரெண்டரைக்கு ஏறினா ஒரு முழுச் சாப்பாடு அவனுக்கு லாபம். மூணு பேருக்கு மூணு சாப்பாடு! விட்ருவியா?"

எதிர்க்கட்சி, ஸ்டோர்ஸ் செக்ஷன் நண்பர். தேனிலவுக்கு ஏற்கெனவே கப்பலில் போய் வந்த அனுபவஸ்தர். "அதே கப்பல்லேர்ந்து அன்னிக்குக் காலையிலதான் ஸார் பழைய கூட்டம் இறங்கும். அத்தனை ரூமையும் பெருக்கி, துடைச்சு, படுக்கை விரிப்பு மாத்தி முடிக்க ஒண்ணரை, ரெண்டு ஆயிடும். அதுவரைக்கும் ரூம் கிடையாது. கல்யாண மண்டபத்துல ரூம் சாவி கிடைக்காத மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி, கைப்பையைத் தூக்கிக்கிட்டுத் திரியணும்!"

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். அதுதான் கஷ்டமே.

நான் அக்கவுண்ட்ஸ்காரன் இல்லையா... பேப்பரில் நடுவே கோடு போட்டு வரவு, செலவு எழுதிப் பார்த்தேன். சீக்கிரம் போனால்: ஒரு சாப்பாடு, கூட்டமில்லாத நீச்சல் குளம், ராத்திரி நாடகத்துக்கு நல்ல இடம் பிடிக்கலாம். தாமதமாகப் போனால்: செராங்கூன் சாலையில் வாழை இலைச் சாப்பாடு, அப்படியே முஸ்தபாவில் தைலமும் சாக்லேட்டும். 'கப்பல் எங்கேயும் ஓடிவிடாது' என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, அப்பாவிடம் மூச்சு விடாமல் இரண்டரை என்று குறித்துவிட்டேன்.

மறைக்க முடியுமா? கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, சிங்கப்பூர் ஹோட்டல் ரூமில் அப்பா கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப்பா உள்ள விடறான்?"

"நமக்கு ரெண்டரைக்குப்பா."

ஒரு பிரளயத்துக்குத் தயாராக இருந்தேன். வழக்கமாக, 'பொறுப்பிருக்கா உனக்கு?' என்று ஆரம்பித்து, நான் ஒன்பதாம் கிளாஸ் பரீட்சைக்கு லேட்டாகப் போனது வரை வருவார். அன்று வரவில்லை.

"ரெண்டரையா... சரிப்பா" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பா சண்டை போட்டால் எனக்குப் பழக்கம். 'சரிப்பா' பழக்கமில்லை.

தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விசாரித்தேன்.

"உங்க பெரியப்பா இந்த ஊருக்குக் கப்பல் ஏறினப்ப, உங்கப்பா வழியனுப்பப் போனாராம். வழியில பஸ் பஞ்சர். போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சாம். அதுலேர்ந்துதான் இந்த மனுஷனுக்கு இந்த வியாதி" என்றார் அம்மா.

பெரியப்பா போன கப்பலைப் பற்றி எனக்குத் தெரியும். எம்.வி. சிதம்பரம். 1966-ல் பிரான்ஸில் கட்டிய கப்பல். 1972-ல் நம் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி அந்தப் பெயரை வைத்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் சிங்கப்பூர் போன பாதிப் பேர் அதில்தான் போயிருப்பார்கள். 1984-ல் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் காலம் முடிந்தது.

பெரியப்பா 1979-ல் போனவர். நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தார். 1991-ல் சிங்கப்பூரிலேயே காலமாகிவிட்டார். நான் அவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

ரூமுக்கு வந்து, இருட்டில் போனைத் தடவினேன். பதினொன்றரையில் இடம் இருந்தது. மாற்றினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரிடம், "அப்பா, பதினொன்றரைக்கு மாத்திட்டேன்" என்றேன்.

"அப்போ ஒன்பதுக்குக் கிளம்பினா சரியா இருக்கும்" என்றது சுவர்.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் மெட்ரோ ஏறி, தோபி காட்டில் மாறி, கடைசி ஸ்டேஷனான மரீனா சவுத் பியரில் இறங்கினோம். பத்து மணிக்கே துறைமுக வாசல். செக்யூரிட்டிக்காரர் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். ஏணி எதுவும் பிடிக்கச் சொல்லவில்லை, அதுவரை சந்தோஷம்.

பெரிய பெட்டிகளை வாசலிலேயே சீட்டு கட்டி வாங்கிக்கொண்டுவிடுகிறார்கள். அது ரூம் வாசலுக்கு வந்து சேர சாயங்காலம்கூட ஆகலாம். ஸ்டோர்ஸ் நண்பர் செய்த ஒரே உருப்படியான உபதேசம், "பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாத்துத் துணி... இது மூணும் கைப்பையில இருக்கணும்." அப்பாவின் பிரஷர் மாத்திரை கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம்.

பன்னிரண்டுக்குள் கப்பலில் இருந்தோம். கேஷியர் சொன்னது போலவே சாப்பாடு தயாராக இருந்தது. அம்மா சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "பரவாயில்லை, கடலுக்கு இது போதும்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். ஸ்டோர்ஸ் நண்பர் சொன்னது போலவே ரூம் தயாராக இல்லை. ஒன்றேமுக்காலுக்குத்தான் திறந்தார்கள். அம்மா போய்ப் படுத்துவிட்டார். அப்பா வரவில்லை. மேல்தளத்தில் கரைப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

நானும் போய் நின்றேன். எதிரே மரீனா பே சாண்ட்ஸ். மூன்று கட்டடம் சேர்ந்து தலையில் ஒரு கப்பலைச் சுமந்துகொண்டிருந்தன. அதைப் பற்றி ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"அம்மா சொல்லியிருப்பாளே... பஸ் பஞ்சர்னு."

"ம்."

"பஸ் பஞ்சர் ஆகலைடா."

கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் காலையிலயே மாமாகூடப் போயிட்டான். பாட்டி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி மட்டும் வீட்டுல தங்கிடுச்சு. 'ஓடிப்போய்க் குடுத்துட்டு வாடா'ன்னாங்க. நேரத்துக்கு நாகப்பட்டினம் போயிட்டேன். பஸ் ஸ்டாண்டுல பரோட்டா வாசனை. பத்தொன்பது வயசு, பசி. கப்பல் எங்கே ஓடிடப் போகுதுன்னு ரெண்டு பரோட்டா சொன்னேன். அப்புறம் இன்னும் ரெண்டு."

எனக்குத் தொண்டையில் ஏதோ செய்தது. 'கப்பல் எங்கேயும் ஓடிவிடாது...'

"அங்க கப்பல் கரைக்கு வராது. தூரத்துல கடல்ல நிக்கும். ஜனங்களைப் படகுல ஏத்திக்கிட்டுப் போவாங்க. நான் போறப்ப அண்ணன் ஏறின படகு பாதி தூரம் போயிடுச்சு. நான் ஜாடியைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். யாரு யாருன்னு தெரியாத தூரம். மாமா என்னை ஒண்ணும் கேக்கல. அதான் கஷ்டமா இருந்துச்சு."

"பெரியப்பா கேட்டாரா?"

"முதல் லெட்டர்லயே கேட்டான். 'தம்பி ஏன் வரலை, என் மேல கோபமா'ன்னு. பஸ் பஞ்சர்னு எழுதிட்டேன். ஊருக்கு வந்தப்ப மறுபடியும் கேட்டான். 'பஞ்சர்தானேடா?'ன்னு சிரிச்சான். ஆமாம்னேன். சொல்லியிருக்கலாம். பரோட்டான்னு சொல்லியிருந்தா இன்னும் பெரிசாச் சிரிச்சிருப்பான்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூன்றேகால் மணிக்கு மேல் கீழே சாலையில் ஒரே டாக்ஸி வரிசை. இரண்டரைக்காரர்களும் மூன்று மணிக்காரர்களும்... என் ஜாதி! கடைசியில் ஒரு பையன் முதுகுப் பையோடு, ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அப்பா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓடுப்பா... ஓடு... ஓடு..." என்றார். கத்தவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையன் வாசலுக்குள் மறைந்ததும்தான் கையை எடுத்தார்.

நாலு மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு ஆபத்துக்காலப் பயிற்சி நடத்தினார்கள். ஏழு குட்டிச் சங்கும் ஒரு நீளச் சங்கும் ஊதினால் எங்கே வந்து நிற்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் எப்படி மாட்ட வேண்டும் என்று. முன்பெல்லாம் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி இருந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. 2015-லிருந்து சர்வதேச விதியை மாற்றிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்போ, கிளம்பின உடனேயோ நடத்தியாக வேண்டும். தாமதமாக ஏறியவர்கள் பாவம், பையோடும் வியர்வையோடும் அப்படியே வந்து நின்றார்கள். அப்பா குளித்து, விபூதி வைத்து, முதல் வரிசையில்.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. குலுக்கல்கூட இல்லை. கரைதான் மெதுவாகத் தள்ளிப் போகிற மாதிரி இருந்தது. எங்களை வழியனுப்ப அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அப்பா கரையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். நான் பார்ப்பது தெரிந்ததும், தூக்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

இப்போது ஆபீஸில் யாராவது கப்பலுக்குப் போகிறேன், எப்போது ஏறலாம் என்று கேட்டால், நான் கட்சி சேருவதில்லை. 'வயசானவங்க கூட வந்தா முதல் வேளைக்குப் போ; ரூம் திறக்கிற வரைக்கும் உட்கார நல்ல நிழல் பார்த்து வை; மாத்திரை கைப்பையில. சின்னஞ்சிறுசுங்கன்னா ஊரைச் சுத்திட்டுப் போ. ஆனா வாசல் சாத்தற நேரத்தோட விளையாடாதே' என்று மட்டும் சொல்கிறேன். கேஷியர் மட்டும் இன்னும் அந்த ஒரு சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா மாறவில்லை. பினாங்கில் இறங்கி ஊர் பார்க்கப் போனபோது, கப்பல் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே எங்களைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். போன மாதம் திருவாரூர் போக எக்மோருக்கு வழக்கம்போல ஐந்து மணிக்கே போய்விட்டார். நான் ஆபீஸ் முடிந்து ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டி மேல் எனக்குப் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அவர் அளவுக்கு எனக்கு வராது ஸார். ஆனால், வழியில் பரோட்டா சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.