இரும்புக்கடையில் ஒரு பூபாளம்

திருகோணமலை லிங்கநகரில் அந்த வீட்டுக்கும் ஓர் இலக்கம் இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 'பாட்டு வீடு' என்றால் ஓட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். வீட்டுக்காரர் பாடகரல்லர். ஆர்மோனியத்தில்கூட விரல் வைத்தறியாதவர். டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தவர். பெரியவர்களுக்கு அவர் முதலாளி, சிறுவர்களாகிய எங்களுக்கு முதலாளி மாமா. கோயில் நோட்டீசில்கூடத் தன் பெயரைப் போட விடாதவர் என்பதால் இங்கும் அதை எழுதவில்லை.

திருகோணமலைக்காரருக்குத் துறைமுகம் ஒரு காட்சிப்பொருள் அல்ல. அடுப்பெரியவும் அதுதான், பயப்படவும் அதுதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட கதையை எங்கள் கிழவிகள் முந்தநாள் நடந்ததுபோலச் சொல்வார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதோடு 'டொக்யாட்' சம்பளத்தை நம்பியிருந்த பல குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. அப்படித் தேடியவர்களில் ஒருவர் முதலாளி மாமாவின் தகப்பன். தளத்தில் வேலை பார்த்தபோது கற்ற இரும்புச் சாமான்களின் பெயர்களையும் அளவுகளையும் முதலாக வைத்துச் சின்னதாய் ஒரு கடை போட்டார். கடையோடு மகனுக்கு அவர் விட்டுப்போன இன்னொரு சொத்து, சாவி கொடுத்துச் சுற்றும் ஒரு கிராமபோன் பெட்டி.

கடையில் ஆணி, கொளுக்கி, கயிறு, பெயின்ற், லாந்தர்ச் சிமினி, தூண்டில், நைலோன் வலை எல்லாம் கிடைக்கும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தோணியிலும் லோஞ்சிலும் வருகிறவர்கள் நேரே அங்கேதான் வருவார்கள். கிழக்குக் கரையில் கடல்தான் கணக்குப்பிள்ளை. வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும், சாமானெல்லாம் கடனில் போகும். மாசி, பங்குனியில் கடல் இறங்கிய பிறகுதான் காசு திரும்பும். மாமாவின் கடன் கொப்பி ஐப்பசியில் தடித்துச் சித்திரையில் மெலியும். கடனைக் கேட்டு அவர் ஆளனுப்பியதில்லை. கேட்டால், "கடல் குடுத்தால் அவன் தருவான், தம்பி. கடல் குடுக்காததை நான் எப்பிடி வாங்கிறது?" என்பார்.

கல்லாவுக்கு மேலே இறாக்கையில் ஒரு பிலிப்ஸ் றேடியோ இருந்தது. போட்டதும் பேசாது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். பச்சைக் கண் மெல்ல விரிய, அதற்குப் பிறகுதான் குரல் வரும். காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கடையைத் திறந்து வைக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் எங்கள் கடைத்தெருவின் வாடிக்கையாளர்கள் என்றே நினைத்து வளர்ந்தோம். பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் காதைத் தீட்டி அதே குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

அந்தக் கடையில் பாட்டுக்கு மொழிச் சண்டை இல்லை. கிண்ணியாவிலிருந்து வருகிறவருக்கு நாகூர் ஹனிபா, துறைமுகத்தில் வேலை செய்த சிங்களச் சிநேகிதர்களுக்கு பைலா, கோயில் ஐயருக்குத் தண்டபாணி தேசிகர். தியாகராஜ பாகவதருக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு: அவர் பாடி முடிக்கும்வரை தராசில் ஆணி கொட்டக்கூடாது. அவசரக்காரர் முணுமுணுத்தால், மாமா விரலை உதட்டில் வைத்துவிட்டு ஓர் ஆணியைக் கூட்டிப் போடுவார். காத்திருந்ததற்குக் கூலி.

வீட்டு விறாந்தையின் மூலையில் கண்ணாடி அலுமாரி. அதில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, காருகுறிச்சி அருணாசலம், கே.பி. சுந்தராம்பாள், பாகவதர் என்று தட்டுகள் நிமிர்ந்து நிற்கும். அடுக்கிப் படுக்கவைத்தால் வளையும் என்பார். ஒரு தட்டை எடுக்கும் விதமே தனி. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரத்தை மட்டும் பிடித்து, பழைய வேட்டித் துண்டால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைப்பார். குறுக்கே துடைத்த பெடியன் அன்று முழுக்கப் படலைக்கு வெளியேதான். உருக்கு ஊசிகள் ஒரு சிறு தகரப் பெட்டியில் இருக்கும். தேய்ந்த ஊசி தட்டைச் சுரண்டும் என்பதால், பழசை எறிந்து புதிதைப் பூட்டிய பிறகுதான் தோடியை வைப்பார்.

அந்த ஊசிக்கும் பஞ்சம் வந்தது. 1970க்குப் பிறகு அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம் அது. பாணுக்கும் துணிக்கும் கியூவில் நின்றார்கள், இந்தியச் சஞ்சிகைகளுக்கும் தட்டுப்பாடு. புதுத் தட்டு வாங்க வழியில்லாதபோதுதான் மாமா உள்ளூர்க் குரல்கள் பக்கம் காதைத் திருப்பினார். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடல்களால் தீவையே ஆடவைத்த காலம். எங்கள் ஊரின் எம்.பி. பரமேஷ் பாடிய மெல்லிசைத் தட்டு வந்ததும் கடையில் அன்று வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்வார்கள். "இது எங்கட ஊர்ப் பெடியன்ர குரல்" என்று உப்பு வாங்க வந்தவரைக்கூட நிறுத்திக் கேட்க வைத்தாராம். இரும்புக்கடைக்கு ஏன் உப்பு வாங்க வந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்துவிடப்பட, யப்பான் கசெற் றெக்கோடர்கள் வந்திறங்கின. நகரமெங்கும் றெக்கோடிங் பார்கள் முளைத்தன. மாமா கடைக்காரரை நம்பாமல் தானே பதிவுசெய்தார். றேடியோவுக்கு முன்னால் ஸ்ரூலில் சன்யோவை வைத்து, பிள்ளைகளைச் சைகையால் அடக்கி, இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அமுக்குவார். அந்தக் கசெற்றுகளில் பாட்டு மட்டும் இல்லை. மதுரை சோமு உருகி மேலேறும் இடத்தில் பின்வளவுச் சேவல் கூவும். இன்னொன்றில் ஆலாபனைக்கு நடுவே மாமியின் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது: "இஞ்சேருங்கோ, சோறு ஆறுது!" அதை அழிக்கச் சொல்லி மாமி எத்தனையோ தரம் கேட்டும் அவர் மறுத்துவிட்டார். உறைக்குள் பாட்டு, ராகம், பாடியவர், ஒலிபரப்பான திகதி எல்லாம் குண்டுகுண்டான எழுத்தில் எழுதி, கடைசி வரியில் 'உடன் பாடியவர்: வீட்டுக்காரி' என்று சேர்த்திருந்தார்.

இசைப் பைத்தியம் என்றால் குடும்பம் கவனிப்பாரற்றுக் கிடக்கும் என்பது கதைகளில் வரும் வழக்கம். இந்த வீட்டில் கணக்கு வேறு. ஒரு தட்டு வாங்கினால் அதன் விலைக்குச் சமமான காசு மாமியின் சீட்டில் விழ வேண்டும். அது கலியாணம் முடித்த புதிதில் மாமி போட்ட உடன்படிக்கை. அந்தச் சீட்டுக் காசில்தான் இரண்டு மகள்களுக்கும் வீணையும் வயலினும் வந்தன. வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனை நெருங்கினால், முதலாளி கடையை இருட்டமுன்னமே பூட்டிவிட்டு வந்து பிள்ளைகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். சுரம் பிழைத்தால் இவருக்குத் திருத்தத் தெரியாது. ஆனால் பிழைத்தது எந்த இடம் என்று மட்டும் தெரியும். "பிள்ளை, அந்த வளைவில ஏதோ இடறுது, திரும்ப வாசி" என்பார். சங்கீத ரீச்சரும் அதே இடத்தில்தான் மறுநாள் குட்டு வைப்பார்.

ஊருக்குள் அவர் காது அறியப்பட்டது கோயில் திருவிழாக்களில். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். செலவு அவருடையது, மேளம் பிடிப்பதும் அவர் பொறுப்பு. தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்பதற்கென்றே லொறியேறி யாழ்ப்பாணம் போய்வந்த மனிதர், உபயத்தை அரைகுறையாகச் செய்வாரா? 1975இல் அந்த மேதை நாற்பத்திரண்டு வயதைத் தொடுமுன் மறைந்த செய்தி வந்த அன்று கடைக்குப் பாதிக் கதவுதான் திறந்தது. மேளகாரருக்கு முதலாளி வைத்திருந்த நியாயமும் எளிமையானது: வெற்றிலையோடு காசை வாசிக்கத் தொடங்குமுன்னம் கொடுத்துவிட வேண்டும். "வாசிக்கிறவன் மனசில வாடகைக் கணக்கு ஓடக்கூடாது" என்பார். நவராத்திரியில் கும்பம் தெருவால் ஆடிவரும்போது பறையோசை கேட்டு ஓடிவந்து படலையில் நிற்பார். தோடிக்கு இருக்கும் மரியாதை பறைக்கும் உண்டு என்று அன்று எங்கள் தெருவில் நினைத்தவர்கள் மிகச் சிலரே.

விடியற்காலையில் வேறோர் ஓசை கேட்கும். மாமாவின் தாயார் திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை வாய்விட்டுப் படிப்பார். அதற்குப் பண் புறநீர்மை, இன்றைய பூபாளத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கிழவிக்குப் பண்ணின் பெயர் தெரியாது. தன் தாய் படித்தபடி படித்தார், அவ்வளவுதான். மாமா அதையும் பதிந்து வைத்தார். பல்லில்லாத வாயில் சொற்கள் உடைந்தாலும் சுரம் உடையவில்லை. அந்தப் பதிகம் பெற்ற சுவாமி மலைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள். 1950இல் கிணறு தோண்டியபோது புதைத்திருந்த விக்கிரகங்கள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கின் குழு கடலடியில் தூண்களைக் கண்டது. 1963இல் மீண்டும் குடமுழுக்கு. கோயில் இல்லாத முந்நூறு வருசத்துக்கு மேலான காலம் முழுவதும் அந்தப் பதிகத்தைத் தூக்கி வந்தவை அடுப்படியிலும் முற்றத்திலும் முணுமுணுத்த வாய்கள். மாமாவின் அலுமாரி அதே வேலையைத்தான் செய்தது என்று இப்போது தோன்றுகிறது.

1983 யூலைக் கடைசியில் இனக்கலவரத்தில் கடைத்தெரு எரிந்தது. இரும்புக்கடையில் இரும்பு மிஞ்சியது. வலையும் கயிறும் கடன் கொப்பியும் சாம்பல். பிலிப்ஸ் றேடியோவும் போனது. கொப்பி எரிந்த செய்தி பரவிய பின்னும் கடன்காரர் சிலர் தாமாகவே வந்து தொகையைச் சொல்லிக் கட்டினார்கள். வராதவர்களைப் பற்றி அவர் பேசவில்லை. தட்டுகள் வீட்டில் இருந்ததால் தப்பின. அதன் பிறகு இடம்பெயர்வுகள் வந்தன. ஒவ்வொரு தரமும் சட்டிபானைக்கு முன்னம் பெட்டியில் ஏறியது கசெற்றுகள்தான். மாமி ஏசிக்கொண்டே அடுக்கிக் கொடுப்பார். 1990க்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடல் கடந்தார்கள். முதலாளி மட்டும் ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து கடைசிவரை லிங்கநகரில்தான் இருந்தார். கடையைச் சிறிதாகத் திறந்து, வயது ஏற ஏற வியாபாரத்தைக் குறைத்து, பாட்டைக் குறைக்காமல் வாழ்ந்து முடித்தார்.

தமிழிசைக்குப் பொருள் கொடுத்த வணிகர் என்றால் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரைச் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். 1929இல் பல்கலைக்கழகம், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் என்று பெரும் காரியம் செய்தவர். ஆனால் சிறு நகரங்களில் இசை பிழைத்தது இரும்புக்கடைக்காரர்களாலும் புடைவைக்கடைக்காரர்களாலும். மேளத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள், ஒலிபெருக்கியை இரவல் கொடுத்தவர்கள், கச்சேரியில் முன்வரிசையில் கடைசிவரை இருந்தவர்கள். பாடியவர்களின் சரித்திரத்தையே நாம் ஒழுங்காக எழுதவில்லை. கேட்டவர்களின் சரித்திரத்தை எழுத யாருக்கு நேரம்? ஆனால் கேட்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் வாசிக்க வருகிறவர் ஏனோதானோ என்று வாசிக்க மாட்டார். ஒரு ஊரின் இசைத்தரம் அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது.

இப்படி ஒரு அலுமாரி உங்கள் வீட்டிலோ உறவிலோ இருக்கும். கசெற் நாடா காலத்தோடு போட்டி போடாது. கடற்கரை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். பூத்த நாடாவைக் கருவியில் போட்டுப் பார்க்காதீர்கள், அது நாடாவையும் கெடுக்கும் கருவியையும் கெடுக்கும். உறையில் உள்ள கையெழுத்தை முதலில் படமெடுங்கள். பதிந்தவர் யார், எந்த ஊர், யாருடைய குரல் என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைத்துவருகிறது. அவர்களோடு தொடர்பு கொள்ளுங்கள். பிரபலமானவரின் பாட்டு எங்காவது கிடைத்துவிடும். பாட்டியின் பதிகமும், சோறு ஆறுகிறது என்று கூப்பிட்ட குரலும் உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அவற்றைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.