வினா எழவில்லை

வெள்ளிமலையில் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்துதான் அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுத்து மூலம் கொடுத்த பதில். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. மலைமேல் உள்ள ஒரு குக்கிராமத்துக்குச் சாலை இல்லை என்பதை அரசு அறியுமா என்பது முதல் கேள்வி. சாலை உள்ளது என்று பதில். சாலை இல்லாததால் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருப்பதை அரசு அறியுமா என்பது இரண்டாவது. வினா எழவில்லை. அங்கே சாலை போட அரசு ஆவன செய்யுமா என்பது மூன்றாவது. வினா எழவில்லை.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எழவில்லைன்னா என்னா தம்பி? நாமதான் கேட்டுட்டமே."

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். அந்த இரண்டு சொல்லுக்கு அவருக்குப் பொருள் சொல்ல எனக்கு வரவில்லை. சாலை இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டதால் மற்ற இரண்டு கேள்விக்கும் இடமில்லை என்று அர்த்தம் என்றேன். "அப்ப நம்ம மருமவளைத் தூக்கிக்கினு போனதும் நடக்கலியா?" என்றார். அவருடைய மருமகளை நான்கு பேர் தூளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் பாறை ஓரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பிள்ளை தங்கவில்லை.

அந்தக் கேள்வி எப்படித் தயாரானது என்பதைச் சொல்லவேண்டும். நான் கீழ்நாட்டுக்காரன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சேரி. மலைக்கு வேலையாக வந்து போகிறவன். எங்களுக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார், இந்தத் தொகுதிக்காரர் அல்ல. எழுதிக் கொடுங்கள், கேட்கிறேன் என்றார். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அந்தப் பெண் போன பாதை, கொட்டின மழை, பாறை, பிள்ளையைச் சுற்றி எடுத்துவந்த துண்டு எல்லாம் அதில் இருந்தது. உறுப்பினரின் உதவியாளர் படித்துவிட்டு, நல்லவர்தான் அவர், பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது. அனுமானம் கூடாது. கிண்டல் கூடாது. அடைமொழி கூடாது. இதெல்லாம் அவர் இட்ட சட்டமில்லை, அவை விதி. பாராளுமன்றத்திலும் அதே விதிதான். மக்களவையில் கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகவும் கூடாது. மழை போயிற்று. பாறை போயிற்று. கடைசியில் பிள்ளையும் போயிற்று. "கர்ப்பிணிகளையும்" என்று பன்மையில் ஒரு சொல் மிச்சமிருந்தது.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு ஊரில் விவரம் சேகரிக்கப் போனபோது என்னையும் ஒரு கேள்வி கேட்டார்கள். "நீங்க என்னா ஆளுங்க?" நம் ஆட்களுக்கு இது தெரிந்த கேள்விதான். ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் வேலை செய்த ஜனங்கள், பட்டியல் பழங்குடி என்று அரசு எழுதி வைத்திருக்கிற ஜனங்கள், அவர்களிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. சொன்னேன். ஒரு வீட்டில் சொம்பைக் கையில் தராமல் தூக்கி ஊற்றினார்கள். இரண்டு கையையும் குவித்துக் குடித்தேன். பெரியவர் வீட்டில் மட்டும் சொம்பைக் கொடுத்தார்கள். இதை மறைத்துவிட்டு மலைவாசிகளும் நாமும் ஒன்று என்று மேடையில் பேசலாம். இந்தப் பத்திரிகையில் அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகும் அந்தக் கேள்வியை எழுதினேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நன்னூலில் பவணந்தி வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. சட்டசபைக் கேள்வி என்பது பார்வைக்கு அறியாவினா. தெரியாதவன் தெரிந்தவனிடம் கேட்பதுபோல எழுதவேண்டும். ஆனால் நம் ஆட்கள் கேட்ட கேள்வியெல்லாம் அறிவினாதான். வாத்தியார் பையனிடம் கேட்பதுபோல, விடை தெரிந்துகொண்டே கேட்டது. விடையையும் அவர் எட்டு வகை என்கிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. "வினா எழவில்லை" இந்த எட்டிலும் அடங்காது. கேட்டதையே கேட்கவில்லை என்று சொல்கிற விடை அவர் காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு 1921இல் சென்னைச் சட்டசபை கூடியபோது நம் பிரதிநிதிகள் நியமன உறுப்பினர்களாக உள்ளே போனார்கள். எம்.சி.ராஜா முதலில் போனார். பின்னால் இரட்டைமலை சீனிவாசன், கோயமுத்தூர் ஆர்.வீரையன், 1926இல் சிதம்பரத்திலிருந்து சுவாமி சகஜானந்தர். விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கை. ஒரு மசோதாவைக் கொண்டுவந்தால் ஓட்டு வேண்டும். தீர்மானத்துக்கு ஓட்டு வேண்டும். கேள்விக்குப் பெரும்பான்மை வேண்டாம். ஒரே ஒரு ஆள் போதும். கேட்டால் அரசு பதில் சொல்லியாகவேண்டும், பதில் அச்சாகவேண்டும். ஊரில் தெருவுக்குள் நடக்க முடியாதவர்களின் பிரதிநிதிகள் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அதில் கையை விட்டார்கள். வீரையன் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். இந்தத் தெருவில் விடவில்லையே, இந்தக் கிணற்றில் விடவில்லையே, இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லையே, அரசுக்குத் தெரியுமா என்று.

அரசுக்குத் தகவல் இல்லை என்பது அந்தக் காலத்துப் பதில்களில் அடிக்கடி வருகிற வாசகம். அந்தத் தகவல் எங்கிருந்து வரவேண்டும்? சபையில் கேட்ட கேள்வி கலெக்டருக்குப் போகும். கலெக்டர் தாசில்தாரைக் கேட்பார். தாசில்தார் ஊர்க் கர்ணத்தையும் முன்சீப்பையும் கேட்பார். தெருவில் நம்மை மறித்தவனும் அவனுக்குச் சொந்தக்காரனும்தான் அந்த நாற்காலியில். யாரையும் யாரும் மறிக்கவில்லை என்று அவன் எழுதுவான். அது கீழேயிருந்து படிப்படியாக மேலே ஏறிக் கோட்டைக்குப் போய் மாட்சிமை தங்கிய அரசின் பதிலாகும். இன்றைக்குக் கர்ணமும் இல்லை, முன்சீப்பும் இல்லை. படிகள் அப்படியேதான் இருக்கின்றன. நான் கையில் வைத்திருந்த தாளில் "சாலை உள்ளது" என்ற வாசகத்தை எழுதிய ஊழியர் மலைப்பாதையில் ஒருநாளும் ஏறியிருக்கமாட்டார். ஏதாவது பழைய பதிவேட்டில் ஒரு வரியைப் பார்த்து எழுதியிருப்பார்.

ஆனாலும் கேட்டுக் கேட்டுத்தான் சில காரியங்கள் நடந்தன. 1922இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத அரசாணை 817 வந்தது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்து, செப்டம்பர் 25இல் அரசாணை 2660 ஆனது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. அந்த ஆணை செல்லாத தெருவை நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். பம்பாய்ச் சட்டசபையில் பாபாசாகேப் அம்பேத்கர் இருந்த காலத்தில் அவர் கேட்ட கேள்விகளும் அதற்கு வந்த பதில்களும் அவருடைய நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. நம் இளைஞர்கள் அவருடைய பெரிய நூல்களைத் தேடிப் படிக்கிறார்கள், சந்தோஷம். அந்தக் கேள்விகளையும் படிக்கவேண்டும். வருத்தமோ கோபமோ ஒரு சொல்லில்கூடக் காட்டாமல் ஒரு மனுஷன் எப்படி அரசாங்கத்தின் வாயைத் திறக்க வைக்கிறார் என்று பார்க்கலாம்.

இதெல்லாம் நடந்தபோது கல்வராயன் மலை எங்கே இருந்தது? கீழே கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று பட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, குடியரசு வந்து, ஜமீன் ஒழிந்து, 1976 வரைக்கும் மலையில் ஜாகிர் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976தான். பெரியவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் ஏர் ஓட்டினதைச் சொல்வார். "ஏன்னு கேக்கலியா?" என்றேன் ஒருதடவை. "யாரக் கேக்கறது? கேட்டா முதுவுலதான் பதில்" என்று சிரித்தார். வினா எழவில்லை என்ற வாசகம் உண்மையாகப் பொருந்துகிற காலம் அதுதான்.

இப்போது டில்லிக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் மக்களவையில் ஒரு பதில்: அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்கள் 340 பேர், அதில் தமிழ்நாட்டில் 43. அதே வருஷம் ஜூலையில் மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேவும் எல்.ஹனுமந்தையாவும் கேட்டார்கள், கையால் மலம் அள்ளும் தொழிலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று. அப்படி எந்தச் சாவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. இரண்டு பதிலும் ஒரே அமைச்சகம். 2013ஆம் வருஷச் சட்டத்தில் மலம் அள்ளுவது வேறு, ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்வது வேறு என்று இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் 340 பிணத்தையும் இறக்கிவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரான ஹனுமந்தையா கன்னடத் தலித் கவிஞர். பதில் சொன்ன இணை அமைச்சர் ராம்தாஸ் அதவாலே, தலித் பேந்தரில் இருந்து வந்தவர். இரண்டு பக்கத்திலும் நம் ஆட்கள். பதில் மட்டும் அரசின் பதில். கொரோனா சமயத்தில் 2020 செப்டம்பரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள், எழுத்துக் கேள்விகளை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊருக்கு நடந்துபோய்ச் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அப்படிப்பட்ட கணக்கு வைத்திருக்கவில்லை என்றார்கள். நிவாரணம் உண்டா என்றதற்கு, கணக்கு இல்லாததால் கேள்வி எழவில்லை. டீக்கடையில் எங்களுக்குப் படித்த அதே வாசகம், இங்கிலீஷில்.

கருணாபுரத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கருணாபுரத்துத் தெருவில் பிணங்களை வரிசையாக வைத்திருந்ததை நான் பார்த்தேன். நம் ஜனங்கள்தான் அதிகம். கள்ளச்சாராயம் பற்றி 2023லேயே கள்ளக்குறிச்சி உறுப்பினர் கவன ஈர்ப்புக் கொடுத்தார், அதை எடுத்துக்கொள்ளவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் சொன்னார். சாவுக்குப் பிறகு கேள்வி நேரத்தை நிறுத்திவிட்டு இதைப் பேசவேண்டும் என்று அவையில் அமளி, வெளியேற்றம், சஸ்பெண்ட். எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளாவிட்டாலும் இதில் எனக்கு ஒரே வருத்தம்தான்: அந்தக் கேள்வி உயிரோடு இருந்தவர்களைப் பற்றிய கேள்வியாக ஒருநாள் அவையில் படிக்கப்பட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பது. மலையில் காய்ச்சுகிறார்கள் என்று எல்லாரும் மலையைக் கை காட்டினார்கள். ஏன் காய்ச்சுகிறான், அவனுக்கு என்ன வேலை இருக்கிறது, என்ன ரோடு இருக்கிறது என்று ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம்தான் தானாக முன்வந்து கேட்டது.

தாளுக்கு வருகிறேன். அன்றைக்கு டீக்கடையில் அதைக் கிழித்துப் போடத்தான் போனேன். பெரியவர் வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். "இருக்கட்டும், கவர்மெண்டு எழுதிக் குடுத்தது" என்றார்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக ஒரு அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். ஊர்க்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். நானும் போனேன். பாதி தூரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது, ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். ரோடு வேணும்னு மனு குடுங்க என்றார். பெரியவர் மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "மனு எதுக்கு சார்? ரோடு இருக்குதுன்னு இதுல போட்டிருக்குது. அது மேலதான் உக்காந்துகினு இருக்கீங்க." அதிகாரி படித்தார். திருப்பிப் படித்தார். இதை எனக்கு ஒரு காப்பி கொடுங்கள் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றி எழுதினோம். சாலை இருக்கிறதா என்று கேட்கவில்லை. இன்ன ஊருக்கு உள்ளதாக அரசு தெரிவித்த சாலை எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு செலவில் போடப்பட்டது என்று கேட்டோம். உதவியாளர் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. கூட்டத்தொடர் முடிந்துவிட்டது, பதில் வரவில்லை. அடுத்ததில் மறுபடியும் கொடுத்திருக்கிறோம்.

வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு நான் இறங்கும்போதெல்லாம் பெரியவர் டீக்கடைப் பெஞ்சிலிருந்து அதையேதான் கேட்கிறார்: "தாளு வந்துச்சா தம்பி?"