தடங்கலும் தாங்குதிறனும்

பொருத்தம் என்றதும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் என்றே பலரும் எண்ணுவர். தொலைபேசிக் கம்பிகளை இணைத்தோருக்கு அவ்வெண்ணம் பெரிதும் ஏற்றதாயிருந்தது. ஆயின், வாகனத்திற் பூட்டும் விரியலாக்கிக்கும் சப்வூபர் எனப்படும் தாழ்சுர ஒலிபெருக்கிக்கும் இடையிலான பொருத்தம் வேறு வகையினது. விரியலாக்கியின் அகத்தடங்கல் ஓமின் சிறு பின்னமேயாதலின், ஒத்திருத்தல் ஈண்டு நோக்கமன்று. கொடுப்பது எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து, கேட்பது தன் கேள்வியை அமைத்துக்கொள்வதே இங்குப் பொருத்தமாகும். இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றான் பௌதிகவியல் மாணவன் ஒருவன்.

அவனுடைய தமையனார் யாழ்ப்பாணத்தில் வாடகை வான் ஓட்டுபவர். திருமண வீட்டாரையும் கோயிற் பயணிகளையும் ஏற்றியிறக்கிச் சேர்த்த பணத்தில் விரியலாக்கி ஒன்றும், இரட்டைச் சுருள் கொண்ட சப்வூபர் ஒன்றும் வாங்கினார். பாட்டில்லாத வானை இளைஞர் விரும்பார் என்பது அவர் கணிப்பு. பல்கலைக்கழகத்திற் பயிலும் தம்பி இருக்கப் பிறருக்குக் கூலி எதற்கு என்று, பூட்டும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தார்.

ஒலிபெருக்கியின் ஒவ்வொரு சுருளும் 4 ஓம் தடங்கல் உடையது. தொடராக இணைப்பின் 8 ஓம். சமாந்தரமாக இணைப்பின் 2 ஓம். விரியலாக்கியோ, இரு வழிகளையும் பாலமாக இணைத்தால், 4 ஓமுக்குக் குறையாத சுமைக்கு 400 உவாற்று வழங்கவல்லது. மாணவன் தாளிற் கணக்கிட்டான். 4 ஓமில் 400 உவாற்று என்றால் 40 வோல்ற்று, 10 அம்பியர். அதே 40 வோல்ற்று 8 ஓமில் 5 அம்பியரையும் 200 உவாற்றையும், 2 ஓமில் 20 அம்பியரையும் 800 உவாற்றையும் தரும். 800 என்னும் எண் அவன் கண்ணைப் பறித்தது. சமாந்தரமாகவே இணைத்தான்.

ஓமின் விதி, சுமை எவ்வளவு ஓட்டத்தைக் கேட்கும் என்பதைக் கூறுமேயன்றி, அதனை வழங்குவது பிழைக்குமா என்பதைக் கூறாது. பாலமிட்ட விரியலாக்கியின் ஒவ்வொரு பாதியும் சுமையின் அரைப்பங்கையே காணும். 2 ஓம் அதற்கு 1 ஓமாகிவிடும். அன்றிரவே உருகி அறுந்தது. வேறொன்றை இட்டான், அதுவும் அறுந்தது. மூன்றாம் முறை பெரிய உருகியை இட்டு, எச்சரித்த வாயை அடைத்தான். அடுத்த வாரம் திருமணப் பயணமொன்றின் நடுவே கருகிய மணம் எழுந்தது, பாட்டு நின்றது.

திருத்துபவர் மூடியைக் கழற்றி, வெடித்துக் கிடந்த திரான்சிற்றர்களைக் காட்டினார். "கணக்குச் சரிதான், தம்பி. ஆனால் குடுக்கிறவன்ரை நிலைமையையும் பாக்க வேணுமெல்லே?" என்றார்.

மாணவன் மறுபடியும் கணக்கிட்டான். 200 உவாற்றுக்கும் 800 உவாற்றுக்கும் உள்ள வேறுபாடு 6 டெசிபெல். நான்கு மடங்கு வலு, செவிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உரப்பாகவே கேட்கும். அவ்வளவுக்காகவே தமையனாரின் பல மாத உழைப்புக் கருகிப்போயிற்று.

தடங்கலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1886 இல் ஆக்கியவர் ஒலிவர் ஹெவிசைட். அதன் இலத்தீன் வேர் காலைத் தளையிடுதல் என்னும் பொருளது. தமிழ்ச் சொல்லும் இடையூறென்றே பொருள்படும். ஆயினும், கொடுப்பதனைக் காப்பது அவ்விடையூறே.

தமையனார் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அந்த மௌனமே அவனை வருத்தியது. மாதந்தோறும் விடுதிச் செலவுக்கும் நூல்களுக்கும் அவன் கேட்ட தொகை, கேட்ட அன்றே வந்து சேர்ந்தது. தாங்குமா என்று அவன் ஒருநாளும் வினவியதில்லை.

மாலை வகுப்புகள் கற்பித்துச் சேர்த்த பணத்தில் விரியலாக்கியைத் திருத்துவித்தான். இம்முறை சுருள்களைத் தொடராக இணைத்தான். உருகியும் குறித்த அளவினதே. அம்மாதம் வீட்டுக்கு எழுதுகையில், பணம் வேண்டாம் என்று எழுதினான்.