அப்பாவின் யாஷிகாவும் மொட்டை கோபுரமும்

பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுப் புடவைகளுக்கும் பழைய பாஸ்புக்குகளுக்கும் அடியில் கிடந்தது அது. அம்மாவின் முதல் வருஷத் திவசம் முடிந்த மறுநாள் பீரோவை ஒழித்தபோது, சின்னவள் கையில் தட்டுப்பட்டது. லெதர் உறை பூஞ்சை பிடித்து, தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. உள்ளே, யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். மேல்மூடியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

அந்த நசுங்கலைப் பார்த்ததும் அவளுக்கு அடிவயிறு பிசைந்தது. ஊருக்கு அவள் 52 வயது கணக்கு டீச்சர். வீட்டில் இன்னமும் ‘சின்னவள்’தான்.

1978-ல் சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த கேமரா அது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டி வீடு. மொட்டை மாடியில் நின்றால் தெற்கே மலைக்கோட்டை. வடக்கே, அப்போது ‘மொட்டை கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட, பாதியில் நின்றுபோன தெற்கு கோபுரம். 1979-ல் அதைக் கட்டி முடிக்கும் வேலை ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பெல்லில் ஷிப்ட். ஓய்வு நாள்களில் மாடியேறி, ஒரே இடத்தில் நின்று கோபுரத்தைப் படம் எடுப்பார். சாரம், கம்பு, அதற்கு மேல் ஒரு நிலை. அடுத்த படத்தில் இன்னொரு நிலை. ஆல்பம் முழுக்க அப்படியே வளர்ந்துகொண்டே போகும் கோபுரம், 1985-ல் நின்றுவிடும்.

1987 மார்ச்சில் 13 நிலைகளோடு, 236 அடி உயரத்தில் ராஜகோபுரம் எழுந்து கும்பாபிஷேகமும் நடந்தது. ஊரே திரண்ட அந்த நாளில் அப்பாவிடம் வேலை செய்கிற கேமரா இல்லை.

காரணம் சின்னவளுக்குத் தெரியும். 11 வயதில், அப்பா ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியவள் படியில் தவறவிட்டாள். துடைத்து, உறைக்குள் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதற்கப்புறம் எடுத்த ரோல் முழுக்க மங்கல். டவுனில் காட்டினார் அப்பா. ஸ்பேர் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். கேமரா பீரோவுக்குள் போனது.

இப்போது அதை எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் டைனிங் டேபிளில் செய்தித்தாள் விரித்து, யூடியூப் வீடியோவை ஓடவிட்டு வேலை. யூடியூப் பார்த்து எல்லாம் செய்துவிடலாம் என்பது பாதி பொய் என்று இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. வீடியோக்காரர் கேமராவில் சட்டென்று கழன்ற திருகு, இவள் கேமராவில் துருப்பிடித்துக் கல்லாக நின்றது. கழற்றிய திருகுகள் ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்க ஐஸ் ட்ரே உதவியது. குழிக்கு ஒரு திருகு, கழற்றிய வரிசையில்.

பேட்டரி அறைதான் முதல் தலைவலி. இந்த கேமராவுக்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. உள்ளேயே விட்டுவிட்டதில், கசிந்து பச்சைப்பாசிபோல் படிந்திருந்தது. வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அங்கிருந்து மேலே போகும் வயரும் கறுத்துப் போயிருந்ததால், தெருமுனை செல்போன் சர்வீஸ் கடைத் தம்பியைப் பிடித்து வேறு வயர் சால்டர் செய்துகொண்டாள். “டீச்சர், இதுல எத்தனை மெகாபிக்சல்?” என்று கேட்டான் அவன். அந்தப் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 6 வோல்ட் பேட்டரி போட்டு, நீளத்தில் குறைந்த இடத்தை ஒரு ஸ்பிரிங் வைத்து அடைத்ததும், பின்பக்க பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்தது.

பின்மூடி ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஃபோம், தார்போல உருகி ஒட்டிக் கிடந்தது. ஆல்கஹாலால் சுரண்டி எடுத்து, கறுப்பு கம்பளி நூலை வைத்தாள். லென்ஸில் படர்ந்த பூஞ்சை முக்கால்வாசி போனது. கோட்டிங்கை அரித்த தடம் போகவே இல்லை.

இந்த மாடலுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. ஷட்டர் பட்டனுக்குக் கீழே போகும் தண்டில் ஒரு சின்ன ரப்பர். பழசானால் பொடியாகி, ஆட்டோமேட்டிக் வெளிச்சக் கணக்கே குழம்பிவிடும். ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது ‘டொக்’ என்று கேட்டால் ரப்பர் நலம். இவள் கேமராவில் சத்தமே இல்லை. லென்ஸ் கூட்டைக் கழற்றி, அளவாக ரப்பர் வெட்டி ஒட்டி, மறுபடி மூடி லீவரைத் தள்ளினாள். ‘டொக்.’ இதற்கே மூன்று வாரம் ஆனது. செலவைக் கூட்டினால், ஓடுகிற நிலையில் பழைய கேமரா ஒன்றே வாங்கியிருக்கலாம்.

மிச்சமிருந்தது ரேஞ்ச்ஃபைண்டர். கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள். இரண்டிலிருந்தும் வரும் பிம்பம், பார்க்கும் கண்ணாடியின் நடுவே மஞ்சள் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. ஒரு ஞாயிறு காலை, மேல்மூடியில்லாத கேமராவோடு மாடிக்குப் போனாள். லென்ஸை ‘முடிவிலி’ குறியில் வைத்து மலைக்கோட்டையைப் பார்த்தாள். இரண்டு மலைக்கோட்டைகள். பக்கவாட்டில் மட்டுமல்ல, ஒன்று சற்றே மேலே, இன்னொன்று கீழே.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் மேலே வந்துவிட்டார். வயது 84.

“என்ன, ரெண்டா தெரியுதா?”

“ஆமாப்பா. மேலயும் கீழயுமா.”

“விழுந்த கேமரா. அப்படித்தான் இருக்கும்.”

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டாள். “அப்பா, இதைக் கீழ போட்டது நான்தான். நீங்க ஷிப்டுக்குப் போயிருந்தப்போ. படியில.”

அப்பா அவளையே பார்த்தார். “உங்கம்மாதானே போட்டா? துணி அடுக்குறப்போ கை தவறிடுச்சுன்னு அவதானே சொன்னா.”

மாடியில் காற்று மட்டும் அடித்தது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாளா, இனிமேல் யாரிடம் கேட்பது? 40 வருஷத்தில் அம்மா ஒரு வார்த்தைகூட சொன்னதில்லை.

“கன்னாபின்னான்னு திட்டிட்டேன் அவளை” என்றார் அப்பா. “ரெண்டு நாள் பேசவே இல்ல.”

சின்னவளுக்கு எதிரே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அப்பாதான் கேமராவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பு... போதும் போதும்... இப்போ பக்கவாட்டுல” என்று சொல்லச் சொல்ல, இவள் திருப்பினாள். இரண்டு மலைக்கோட்டைகளும் மெல்ல நகர்ந்து ஒன்றாயின.

மறுவாரம் 36 படங்களுக்கான கலர் ஃபிலிம் வந்தது. முதல் படம் அப்பாதான். வடக்கே திரும்பி, பழைய இடத்திலேயே நின்றார். சிவப்பு விளக்கு எரிந்ததும் யாரும் சொல்லாமலே அபர்ச்சர் வளையத்தைத் திருப்பினார். விளக்கு அணைந்தது. க்ளிக்.

கழுவி வந்த படங்களில் ஏழெட்டு வீண். ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. ராஜகோபுரம் மட்டும் கலசம்வரை துல்லியம். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்த அப்பா, “கொஞ்சம் சாஞ்சிருக்கு” என்றார். அப்புறம் ஆல்பத்தை எடுத்துவரச் சொன்னார். அது வருவதற்குள் அடுத்த கேள்வி.

“இன்னொரு ரோல் என்ன விலை?”