நான்கு நிமிடத் தணல்

கங்காரு இறைச்சியைத் தணலில் போட்ட பிறகு நான் யாருடனும் பேசுவதில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இது பழகிவிட்டது. தொலைபேசி அடித்தாலும் எடுக்கமாட்டேன். பெரிய நேரம் ஒன்றுமில்லை. நான்கு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. ஆட்டிறைச்சிக் கறியை அடுப்பில் வைத்துவிட்டு அரைமணி நேரம் மறந்து போனாலும் அது பொறுத்துக்கொள்ளும். நேரம் போகப் போக இன்னும் மெத்தென்றுதான் வரும். கங்காரு பொறுக்காது. ஒரு நிமிடம் கண் தப்பினால் தட்டுக்கு வருவது வேறு இறைச்சி.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வீட்டிலும் இருந்ததில்லை, அடிலெய்டுக்கு வந்தும் அது மாறவில்லை. ஆனால் இங்கே வெயில் எறிக்கும் நாளில் யாருடைய பின்வளவுக்குப் போனாலும் கம்பித்தட்டில் ஸ்டேக் கிடக்கும். நான் கோழித் தொடையோடு ஓரமாக நிற்பேன். கனத்த ஒரு துண்டு இறைச்சியை, தூள் இல்லாமல், தேங்காய்ப்பால் இல்லாமல், வெறும் உப்போடு நெருப்பில் காட்டி வெட்டித் தின்கிற அந்த முறையில் எனக்குத் தீராத ஆசை இருந்தது. கங்காருதான் அதற்கு வழிவிட்டது.

முதல் தடவை எங்கள் வழக்கப்படி உள்ளே சிவப்பு மறையும்வரை சுட்டேன். ஓரம் தோல்வார் போல இழுபட்டது. நடுப்பகுதி ஈரல் மாதிரி மாவாகி, வாயில் இரும்பு வாசம் அடித்தது. அடுத்த தடவை போத்தலில் வாங்கிய இனிப்பான பிளம் சோஸில் இரவு முழுக்க ஊறவைத்துத் தணலில் போட்டேன். சீனி இரண்டு நிமிடத்தில் கரிந்து கறுத்தது. உள்ளே இறைச்சி குளிர்ந்தே கிடந்தது. இந்த இரண்டு தோல்விகளிலும் நான் இன்று செய்கிற அத்தனையும் இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. ஒன்று, இறைச்சியை வேளைக்கு எடுக்க வேண்டும். மற்றது, பழம் நெருப்புக்குப் போகக் கூடாது.

கங்காரு இறைச்சியில் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல மாட்டு ஸ்டேக்கை வெட்டினால் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடும். சூட்டில் அவை உருகி நார்களை நனைத்துக்கொண்டே இருக்கும். சமைப்பவர் கொஞ்சம் பிந்தினாலும் அந்தக் கொழுப்பு அவரைக் காப்பாற்றிவிடும். கங்காருவில் அந்தக் கோடு ஒன்றுகூட இல்லை. ஆள் வளர்த்துத் தீனி போட்டுக் கொழுக்கவைத்த விலங்கு அல்ல அது. காய்ந்த புல்லைத் தேடி வெட்டவெளியில் தாவித் திரிந்தது. ஓயாமல் உழைத்த தசையில் மயோகுளோபின் என்ற நிறமி நிறைய இருப்பதால்தான் அந்தக் கருஞ்சிவப்பு. 60 டிகிரியைத் தாண்டியதும் நார்களைச் சுற்றியிருக்கும் சவ்வு சுருங்கத் தொடங்கி, ஈரத் துணியைப் பிழிவது போல உள்ளிருக்கும் சாற்றை வெளியே தள்ளிவிடும். போன சாற்றின் இடத்தை நிரப்பக் கொழுப்பும் இல்லை. அதனால் நான் நடுப்பகுதி 50 டிகிரி காட்டும்போதே எடுத்துவிடுகிறேன். மெல்லிய ஊசி முனை வைத்த வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறேன். விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லக்கூடியவர்களை மதிக்கிறேன். என் விரல் இன்னும் அந்தளவுக்கு வரவில்லை.

இந்த இறைச்சி பண்ணையிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கிறது. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் இரவில் வெளிச்சம் பாய்ச்சி, தலையில் ஒரே குண்டால் சுட வேண்டும் என்பது விதி. தென் ஆஸ்திரேலியாவில் 1980இலேயே இதை மனிதர் உண்ண விற்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. மற்றப் பல மாநிலங்களில் 1993 வரை நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். இந்த வேட்டையே கூடாது என்பவர்கள் இங்கே நிறையப் பேர். தாயைச் சுட்டால் பையிலிருக்கும் குட்டியின் கதி என்ன என்று அவர்கள் கேட்கும் கேள்வியை என்னால் தட்டிவிட முடியவில்லை. என்றாலும், அடைபட்டு வளர்ந்து லொறியில் ஏறிக் கொல்களத்தில் முடிகிற வாழ்வைவிட, கடைசி நொடிவரை புல்வெளியில் நின்ற வாழ்வு மேல் என்றே எனக்குப் படுகிறது. அப்படி வந்த ஒரு துண்டைக் கவனமில்லாமல் கருக்கிக் குப்பையில் போடுவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

நான் இருக்கும் நகரத்தின் பழைய பெயரே கங்காருவால் வந்தது. இந்த நிலத்துக்குரிய கௌர்னா மக்கள் அடிலெய்டைத் தார்ந்தான்யா என்பார்கள். சிவப்புக் கங்காருவின் இடம் என்று பொருள். வடக்கே மத்திய பாலைநிலத்து அனங்கு மக்கள் சிவப்புக் கங்காருவை மாலு என்பார்கள். மயிரைத் தீயில் பொசுக்கி, குழி வெட்டித் தணலும் சுடுமணலும் போட்டு முழுதாக மூடிச் சுடுவது அவர்கள் முறை. எந்தத் துண்டு யாருக்கு என்பதற்கும் முறை உண்டு. அதன் பக்கத்தில் என் நான்கு நிமிட வித்தை நேற்றுப் பிறந்தது.

கடையில் ஸ்டேக் என்று விற்பது பெரும்பாலும் பின்தொடை. நான் தேடுவது முதுகோரமாக ஓடும் ஃபில்லட். மணிக்கட்டுத் தடிப்பு, கையளவு நீளம். அதன் மேல் வெள்ளி போல மினுங்கும் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். கூர்க்கத்தியின் நுனியை அதன் கீழே விட்டு, அலகைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து உரித்து எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சூட்டில் சவ்வு சுருண்டு இறைச்சியையும் வளைத்துவிடும். வளைந்த துண்டு ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் நிற்கும். பிறகு ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி, குளிர்ப்பெட்டிக்கு வெளியே இருபது நிமிடம் வைக்கிறேன். எண்ணெயைக் கம்பித்தட்டில் பூசக் கூடாது, இறைச்சியில் பூச வேண்டும். உப்பு கடைசியில், நெருப்புக்குப் போகும் முன்.

நெருப்புக்கு மாலி வேர்க்கட்டை. மாலி என்பது வறண்ட நிலத்து யூகலிப்டஸ். மரம் குட்டை, ஆனால் நிலத்துக்குள் பூதம் போலக் கிழங்காகத் திரண்ட அடிக்கட்டை. தென் ஆஸ்திரேலியர்கள் குளிர்காலக் கணப்புக்கு எரிப்பது அதைத்தான். கல்லுப் போல் கனம். தீப்பிடிக்கச் சுணங்கும், பிடித்துவிட்டால் அதன் தணல் வெகுநேரம் நிற்கும். சுவாலை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, தட்டின் மேல் கையை இரண்டு விநாடிக்கு மேல் பிடிக்க முடியாத நேரம்தான் இறைச்சிக்கு நேரம். கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாட்களில் வெளியே தணல் மூட்டச் சட்டம் விடாது. ஆகவே எங்கள் வீட்டில் இது குளிர்காலத்து உணவு. குளிருக்குள் நின்று முகத்தில் தணல் சூடு படுவது எனக்குப் பிடிக்கும்.

இனிப் பழம். கொழுப்பு இல்லாத இறைச்சி நாக்கில் வெறுமையாக நிற்கும், இரும்புச் சுவை தூக்கலாகத் தெரியும். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த ஒரு பழம் அந்த இரும்பை அடக்கி, வாயில் எச்சில் ஊறவைத்து, கொழுப்பு செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்கிறது. பிளம், செரி, மாதுளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாமே நல்லவைதான். ஆனால் குவாண்டோங் கிடைத்த நாளுக்குப் பிறகு வேறு பழத்தைத் தேடவில்லை.

குவாண்டோங் இந்த நாட்டின் வறண்ட பகுதிகளில் தானாக வளரும் சிறு மரம். பழம் பளபளக்கும் சிவப்பு, பெரிய கோலிக்குண்டு அளவு. சதை மெல்லிய தோடு போல. மிச்சமெல்லாம் குழிகுழியான உருண்டைக் கொட்டை. ஈமு பழத்தை விழுங்கிக் கொட்டையைப் போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகும். காய்ந்த அப்ரிகாட்டின் வாசமும் செங்காயாக இருக்கும் மாங்காயின் புளிப்பும் சேர்ந்தது அதன் சுவை. பிளிண்டர்ஸ் மலைப் பக்கத்துச் சிற்றூர்களில் இதை மாவுக்குள் வைத்துப் ‘பை’ (pie) என்ற பண்டமாகச் சுட்டு விற்பார்கள். அந்தப் பக்கம் போகிற பலரும் நிறுத்தி வாங்குவார்கள். இந்த மரம் சந்தனத்தின் உடன்பிறப்பு என்பதைத் தெரிந்துகொண்டபோது நான் அசந்துபோனேன். நம் பூசை அறைக் கட்டை சந்தாலம் ஆல்பம். இது சந்தாலம் அக்குமினாட்டம். சந்தனத்தைப் போலவே இதுவும் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரோடு பொருத்தி அதிலிருந்து நீர் உறிஞ்சித்தான் வாழும். சந்தன வாசத்தை நினைத்துப் பழத்தை முகர்ந்தால் ஒன்றும் வராது. ஆனாலும் அதைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் மரியாதை தானாக வந்துவிடுகிறது.

காய்ந்த குவாண்டோங் 50 கிராம் எடுத்து ஒரு மணி நேரம் சுடுநீரில் ஊறப்போடுகிறேன். நாலைந்து சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, பழத்தை ஊறிய தண்ணீரோடு சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி வினாகிரி, உப்பு. மெல்லிய சூட்டில் இருபது நிமிடம். பாதியை மசித்து, பாதியைத் துண்டாகவே விடுகிறேன். ஆரம்பத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. கறுவா, ஏலம், கராம்பு எல்லாம் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எந்தப் பழம் என்று யாராலும் சொல்ல முடியாது போலிருந்தது. இப்போது இடித்த மிளகு மட்டும்.

தணலில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம், ஒரே ஒரு தடவை புரட்டல். பிறகு சூடான தட்டில் வைத்து ஏழு நிமிடம் மூடி விடுகிறேன். அந்த ஏழு நிமிடத்தில் உள்ளே இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். நார்கள் இளகி, சாறு வெட்டும்போது கொட்டிப் போகாமல் நிற்கும். பசியோடு நிற்பவர்களுக்கு இது நீண்ட நேரம்தான். அதற்காக ஒரு நாளும் குறைத்ததில்லை. பிறகு நாரின் ஓட்டத்தைப் பார்த்து அதற்குக் குறுக்கே, பென்சில் தடிப்பில் வெட்டு. தட்டில் வடிந்த சாற்றை ஒரு சொட்டும் விடாமல் பழக்கலவையில் ஊற்றிக் கலக்குவேன்.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தபோது முதல் தட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"தம்பி, ரத்தம் வடியுதே?"

"ரத்தமில்லை மாமி. இறைச்சியின்ர நிறம்தான் அது."

"என்னவோ. எனக்குப் பச்சையாக் கிடக்கு."

அவருக்காக ஃபில்லட்டை இன்னும் சுடலாமா என்று மனைவி கேட்டாள். நான் மறுத்துவிட்டேன். பிடிவாதம் என்று அவள் நினைத்திருக்கலாம். நன்றாக வெந்த இறைச்சி வேண்டுமென்றால் அதற்கேற்ற துண்டைத்தான் எடுக்க வேண்டும். அடுத்த கிழமை கங்காரு வால் வாங்கி வந்தேன். மூட்டுக்கு மூட்டு கொலாஜன் நிறைந்த இறைச்சி அது; மாமியே தூளும் உள்ளியும் போட்டு மூன்று மணி நேரம் மெல்ல அவித்துப் பிரட்டலாக இறக்கினார். எலும்பிலிருந்து சதை கழன்று வந்தது. எந்த ஸ்டேக்கும் அதற்கு ஈடில்லை என்று இன்றும் சொல்வேன். மனைவி கர்ப்பமாக இருந்த மாதங்களிலும் வீட்டில் நன்கு வெந்த இறைச்சி மட்டும்தான். காட்டு இறைச்சியில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். அந்த நேரத்தில் உள்ளே சிவப்பாக எதையும் பரிமாறக் கூடாது.

ஆனால் பழக்கலவையை மாமி முதல் நாளே விரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால் இறைச்சிச் சாறு சேராமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார், தோசைக்கு. நண்பர் ஒருவர் வடக்கே போய்வந்து ஒரு பை புதுப் பழம் கொடுத்தபோது, நான் எறிய வைத்திருந்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தவரும் அவர்தான். சந்தனத்துச் சாதி என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. துணைச்செடி இல்லாமல் வளராது என்றேன். தொட்டியில் புல்லையும் சேர்த்து நட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார். முளைக்க ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டுக் கூப்பிடுவார். இங்கே மாலை, பெரும்பாலும் நான் தணலுக்கு முன்னால். மணி அடித்து ஓயும். அவருக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அடிக்கும்போது இறைச்சி மூடிய தட்டின் கீழ் இருக்கும், என் கையும் சும்மா இருக்கும்.

"தம்பி, சந்தனம் முளைச்சிட்டுதோ?" என்றுதான் தொடங்குவார். கதைத்தபடியே தொட்டியடிக்குப் போய்ப் புல்லை விலக்கிப் பார்க்கிறேன்.